படத்தின் அடியில் ஓடிய எழுத்து

அந்த ஜப்பான் கார்ட்டூனில் வந்த பெண்பிள்ளையின் முகம் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. அவளுடைய சப்பாத்து ஞாபகமிருக்கிறது. கறுப்புச் சப்பாத்து, வலது கால் வார் எப்போதும் அவிழ்ந்தே கிடக்கும். பாவாடையின் கீழ்க்கரை, ஒரு நொண்டி வாத்தின் கால்கள், துறைமுகத்துப் பலகைகள், பனியில் பதிந்த வண்டிச் சக்கரத் தடம். எல்லாம் படத்தின் கீழ்ப்பக்கத்தில் இருந்தவை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அதைப் பார்த்தும் என் கண் அந்த விளிம்பை விட்டு மேலே போனது குறைவு. எழுத்து அங்கேதான் ஓடியது.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. தலவாக்கலைக்கும் லிந்துலைக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில், பிள்ளைக்காம்பராவில் வேலை செய்துகொண்டிருந்தேன். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. எங்கள் அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் ஒரே ஒரு காம்பராவில் நானும் அக்காவும் அக்காவின் மகளும் இருந்தோம். மகளுக்கு அப்போது ஆறு வயது. அக்கா கொழுந்து எடுப்பவள். பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. அவள் போகாததால்தான் நான் போக முடிந்தது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். மனைவி பிள்ளைகள் ஊரில் இருக்க, குவாட்டர்ஸில் தனியாக இருந்தார். எங்கள் பக்கத்தில் டெலிவிஷன் வைத்திருந்தவர்களில் சனங்களை உள்ளே கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு ஹோல் கதவைத் திறந்துவிட்டு, தன் நாற்காலியைக் கதவோரமாக நகர்த்திக்கொள்வார். பிள்ளைகள் தரையில் உட்காருவார்கள், பெண்கள் சுவரோரம், ஆண்கள் வெளியே ஜன்னலில். ஏரியல் மலைப்பக்கம் பார்த்து நின்றதால் படம் எப்போதும் புள்ளி புள்ளியாகத்தான் விழும். கார்ட்டூனில் உண்மையாகவே பனி பெய்தபோது, "ஏரியலத் திருப்புங்க, ஏரியலத் திருப்புங்க" என்று வெளியே இருந்தவர்கள் கத்தினார்கள்.

முதல் இரண்டு வாரம் சனங்களுக்குக் கதை புரியவில்லை. ஆட்கள் பேசியது ஜப்பான் பாஷை. கீழே சிங்கள எழுத்து ஓடியது. சிங்களம் பேசினால் எங்கள் சனத்துக்கு விளங்கும். கடைக்குப் போனாலும் பஸ்ஸில் ஏறினாலும் அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் பேசிப் பழகிய பாஷைதானே. ஆனால் அவர்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அதனால் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். அந்தப் பிள்ளை ஏதோ ராஜா வீட்டுப் பிள்ளை, திருடிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். இல்லை, வாத்துக்காகத்தான் சண்டை என்று இன்னொருவர்.

மூன்றாவது வாரம், என்னை அறியாமல் ஒரு வரியைத் தமிழில் சொல்லிவிட்டேன்.

"அப்பா எப்ப வருவாருன்னு கேக்குறா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டிஸ்பென்சர் ஐயா நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, நீர் சிங்களம் வாசிப்பீரோ?"

வாசிப்பேன். நான் ஹட்டனில் சிஸ்டர்மாரின் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தினமும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு சிங்களப் பிள்ளை உட்காருவாள், தோட்டத்துக்குக் கீழே இருந்த கிராமத்துப் பிள்ளை. மழைக்காலத்தில் கண்ணாடியெல்லாம் மூச்சுப்பட்டு வெள்ளையாக இருக்கும். அதில் அவள் விரலால் ஒரு சிங்கள எழுத்து எழுதுவாள், பக்கத்தில் நான் ஒரு தமிழ் எழுத்து எழுதுவேன். விளையாட்டாகத் தொடங்கியது. மூன்று வருடத்தில் நான் சிங்களப் பேப்பர் வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அது லேசான வேலை இல்லை. ஒரு வரியை வாசித்து, மனதுக்குள் தமிழாக்கி, வாயால் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த இரண்டு வரி ஓடிப் போயிருக்கும். "சீக்கிரம் சொல்லு புள்ள" என்று பின்னாலிருந்து சத்தம் வரும். அந்தப் பெண்பிள்ளையின் குரல் ஒரு பக்கம், என் குரல் ஒரு பக்கம். அவள் குரல் அழகான குரல், அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஒரு சின்ன இழுப்பு இருக்கும். அப்பாவை அவள் "ஓத்தோசான்" என்று கூப்பிடுவாள். அந்த ஒரு சொல் மட்டும் யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. லயத்துப் பிள்ளைகள் வேலைவிட்டு வரும் அப்பாமாரை "ஓத்தோசான்" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்கள்.

கதை இதுதான். துறைமுகத்து ஊரில் ஒரு பெண்பிள்ளை. தாய் இல்லை. அப்பா வடக்கே போன கப்பலில் தச்சு வேலை. அவள் கப்பல் பாய் தைக்கும் அத்தையோடு இருக்கிறாள். தினமும் காலையில் நொண்டி வாத்தையும் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய், வரும் கப்பல்களைப் பார்க்கிறாள்.

அக்கா முதலில் இதற்கெல்லாம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு உடுப்புத் துவைக்கும் நாள். கதையை மகள் வீட்டில் வந்து சொல்லக் கேட்டுத்தான் ஒருநாள் வந்தாள். பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, என் முழங்காலில் ஒரு கையை வைத்துக்கொள்வாள். நான் ஒரு வரியைத் தவறவிட்டால் அந்தக் கை என்னை அமுக்கும்.

ஏன் என்று எனக்குத் தெரியும். என் மச்சான், அக்காவின் புருஷன், இந்தியாவுக்குப் போய் அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அவர் குடும்பம் இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிக் கொடுத்த குடும்பம். எங்கள் அப்பா இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்தவர். கல்யாணத்துக்குப் பிறகு அக்காவையும் பிள்ளையையும் மச்சானின் பாஸ்போர்ட்டில் சேர்க்கக் கேட்டு விண்ணப்பம் போட்டார்கள். அது ஏதோ ஒரு கந்தோரில் இருந்தது. அதற்குள் மச்சானுக்கும் அவர் தாய் தகப்பனுக்கும் போகும் நாள் வந்துவிட்டது. போகாவிட்டால் இருக்கும் கடதாசியும் செல்லாது என்றார்கள். "நான் மொதல்ல போறேன். பேப்பர் வந்தொடன நீங்க ரெண்டு பேரும் கப்பல் ஏறிருங்க" என்று சொல்லிவிட்டு, தலவாக்கலை ஸ்டேஷனில் கோச்சி ஏறினார். அவர் போய்க் கொஞ்ச மாதத்தில் மன்னார்ப் பக்கம் சண்டை என்று கப்பலே நின்றுவிட்டது. பேப்பர் வந்தாலும் ஏறுவதற்குக் கப்பல் இல்லை.

மூன்று கடிதம் வந்தது. முதலாவது மண்டபம் முகாமிலிருந்து. மற்ற இரண்டும் நீலகிரிப் பக்கம் ஏதோ ஓர் எஸ்டேட்டிலிருந்து. மூன்றையும் நான்தான் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாவதுக்குப் பிறகு ஏழு மாதமாக ஒன்றுமில்லை.

இப்படியிருக்கும்போதுதான் அந்த ஞாயிறு வந்தது.

படத்தில் ஒரு மாலுமி வீட்டுக்கு வந்தான். அவனுடைய ஈரச் சப்பாத்து பலகையில் தண்ணீர் சொட்டியது. அடியில் எழுத்து ஓடியது. உன் அப்பாவின் கப்பல் பாறையில் மோதிவிட்டது. யாரும் தப்பவில்லை.

நான் வாசித்தேன். வாய் திறக்கவில்லை. ஹோலில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அக்காவின் கை என் முழங்காலை அமுக்கியது.

"என்னவாம்?"

"கப்பல் வர நாளாகுமாம்" என்றேன்.

படத்தில் பெண்பிள்ளை தரையில் விழுந்து "ஓத்தோசான், ஓத்தோசான்" என்று அழுதாள்.

"அதுக்கா இப்புடி அழுவுது?"

"சின்னப் புள்ளதானே அக்கா. ஏக்கம்."

அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் தாயின் மடியில் சாய்ந்து, "வந்துருவாரு, பயப்படாத" என்று டெலிவிஷனைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு அடுத்த வாரம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் பெண்பிள்ளை கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தாள். "என்ன கறுப்பு?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார். "குளிருக்குப் போட்டிருக்கு" என்றேன். அத்தை அப்பாவின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி கொளுத்தினாள். "நேத்திக்கடன் வச்சிருக்காங்க, சீக்கிரம் வரணும்னு." இப்படியே போனது. பொய்க்கு ஏற்ற மாதிரி படம் நடக்காது. படத்துக்கு ஏற்ற மாதிரி பொய்யை நான்தான் வளைக்க வேண்டியிருந்தது. ஒருமுறை பெண்பிள்ளை ஒரு பழைய கடிதத்தை எடுத்து வாசித்தாள். அதை நான் புதுக் கடிதமாக்கினேன். அப்பா எழுதியிருக்கிறார், வடக்கே ஒரு தீவில் பத்திரமாக இருக்கிறார், பனி உருகியதும் கப்பல் விடுவார்கள் என்று.

"பாத்தியா, கப்பல் விடுவாங்களாம்" என்றாள் அக்கா. என்னிடம் இல்லை, மகளிடம்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவள் வழக்கத்தை விட வேகமாக நடந்தாள். அடுத்த கிழமை ஒருநாள் வேலைக்குப் போகாமல், நல்ல சேலை கட்டிக்கொண்டு, ஹட்டனுக்குப் போய் விண்ணப்பத்தைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தாள். இன்னும் பார்க்கவில்லையாம், வேறு நாள் வரச் சொன்னார்களாம். அதற்குக்கூட அவள் முகம் வாடவில்லை. என்னை உட்கார வைத்து மச்சானுக்குக் கடிதம் எழுதச் சொன்னாள்.

"கப்பல் சீக்கிரம் விடுவாங்க, நாங்க வருவோம்னு எழுது."

"யாரு சொன்னா அக்கா, விடுவாங்கன்னு?"

"எழுதுன்னா எழுதேன்."

எழுதினேன். பேனாவைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்துக்கொண்டே எழுதினேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். அவள் பல மாதத்துக்குப் பிறகு தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தாள். சொல்ல வரவில்லை.

அந்தக் கதை ஒருவழியாக முடிந்தது. கடைசியில் பெண்பிள்ளை அத்தையோடு பாய் தைக்கக் கற்றுக்கொண்டு, ஒரு பெரிய வெள்ளைப் பாயில் தன் அப்பாவின் பெயரைத் தைத்தாள். பாய் விரிந்து ஒரு கப்பல் புறப்பட்டது. அந்தக் கப்பலில் அப்பாவைக் கூட்டிவரப் போகிறார்கள் என்று சொல்லி நான் முடித்தேன். பெண்கள் கைதட்டினார்கள். எனக்கு ஒரு பெரிய சுமை இறங்கிய மாதிரி இருந்தது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிறு, அறிவிக்கிற பெண் வந்து சிங்களத்தில் சொன்னாள். நேயர்கள் கேட்டுக்கொண்டதால் அந்தக் கார்ட்டூனை அடுத்த வாரத்திலிருந்து மறுபடியும் முதலிலிருந்து காட்டப்போகிறார்கள். இந்த முறை எழுத்து இல்லை, சிங்களக் குரலில்.

ஹோலில் ஒரே சந்தோஷம். "இனி நீ சும்மா ஒக்காந்து பாக்கலாம் புள்ள" என்று என் தோளைத் தட்டினார்கள். நான் சிரித்தேன்.

சிங்களக் குரல் வந்த முதல் வாரம் பிள்ளைகளுக்குப் பிடிக்கவே இல்லை. பெண்பிள்ளையின் பழைய குரல் போய்விட்டது. புதுக் குரல் வயது வந்த ஒரு பெண் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது. வாய் மூடிய பிறகும் பேச்சு வந்தது, சிலநேரம் பேச்சு முடிந்த பிறகும் வாய் அசைந்தது. "இது அந்த அக்கா இல்ல" என்று அக்காவின் மகள் அடம்பிடித்தாள். எல்லாவற்றையும் விட அவளைக் குழப்பியது, அந்தப் பெண்பிள்ளை இப்போது "ஓத்தோசான்" என்று கூப்பிடாததுதான். சிங்களத்தில் அப்பாவுக்குத் தாத்தா என்று பெயர்.

"சித்தி, போன தடவ அப்பாவத் தேடுனா. இப்ப ஏன் தாத்தாவத் தேடுறா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

பெரியவர்களுக்கோ இதுதான் நன்றாக இருந்தது. என்னை எதிர்பார்க்க வேண்டியதில்லை. சிரிக்கிற இடத்தில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். போன முறை நான் தவறவிட்ட எத்தனையோ வரிகள் இப்போது கேட்டன. "இதெல்லாம் நீ சொல்லவே இல்லயே" என்று கேலி செய்தார்கள். "ஓடிப் போயிருக்கும்" என்றேன். எழுத்து ஓடாத அந்த ஞாயிறுகளில் நான் படம் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலுமி வருவது பத்தாவது வாரமா பதினோராவதா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒவ்வொரு வாரமும் இன்றாக இருக்குமோ என்று போவேன். இல்லை என்று திரும்புவேன். வீட்டில் சொல்லிவிட எத்தனையோ தடவை பார்த்தேன். ஒருநாள் அவள் மலையிலிருந்து வந்து, வாசலில் உட்கார்ந்து காலில் ஏறியிருந்த அட்டைகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் படத்துல நான் ஒண்ணு தப்பா..."

"மொதல்ல உப்ப எடு. ரத்தம் பாரு."

உப்பை எடுத்துக் கொடுத்தேன். அவள் தடவிக்கொண்டு எழுந்து அடுப்பு மூட்டப் போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை.

கரண்ட் போக வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். கரண்ட் போனது. ஆனால் அது ஒரு வாரம் முன்னால் போனது. வாத்து தொலைந்து கிடைக்கிற வாரம் அது, மாலுமி வருவது அதற்கடுத்தது.

அந்த வாரம் வந்தபோது, தலைவலி, நீயும் போகாதே அக்கா, துணைக்கு இரு என்றேன். "போன வாரந்தான் கரண்ட் போச்சு. இன்னிக்கும் போகலன்னா புள்ள அழும். கசாயம் வச்சிருக்கேன், குடிச்சிட்டுப் படு" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். நான் ஐந்து நிமிடம் படுத்திருந்தேன். பிறகு எழுந்து ஓடினேன். ஓடி என்ன செய்ய நினைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

நான் உள்ளே போனபோது மாலுமி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். டிஸ்பென்சர் ஐயா என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிங்களக் குரல் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னது.

"நெவ கிலுணா. தாத்தா மெருணா."

சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற சிங்களம். கப்பல் மூழ்கிவிட்டது. அப்பா செத்துப்போனார்.

ஹோலில் யாரோ ஒரு பெண் "அடி பாவி" என்றாள். மாலுமியைச் சொன்னாளோ என்னைச் சொன்னாளோ. அக்காவின் மகள் தாயின் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

"தாத்தா செத்துட்டாராம்மா?"

"தாத்தா இல்ல" என்றாள் அக்கா. "அப்பா."

எழுந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளைத் தாண்டித் தாண்டி வெளியே வந்தாள். என்னைக் கடந்துதான் போனாள். நான் பின்னாலேயே நடந்தேன். தேயிலைக்கு நடுவே அந்தக் குறுக்குப் பாதையில் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். லயம் வரும்வரை அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

வீட்டுக்குள் வந்ததும் அலமாரிக்கு மேலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கினாள். மூன்று கடிதத்தையும் வெளியே எடுத்தாள்.

"நீ எனக்கு வாசிச்சுக் காட்டுனதும் இப்புடித்தானா?"

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. அவள் கோபிப்பாள், அடிப்பாள், பேசாமல் இருப்பாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். இதை நினைக்கவில்லை.

"இல்லக்கா. சத்தியமா இல்ல. அதுல என்ன இருந்துச்சோ அதத்தான் வாசிச்சேன்."

"அவரு செத்துட்டாரா?"

"இல்லக்கா!"

"படத்துலயும் நீ இல்லன்னுதான் சொன்ன."

மறுபடியும் வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். "நீ வாசிக்க வேணாம்" என்றாள். அடுத்த நாளே வேலைவிட்டு வந்து, கடிதங்களை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சர் ஐயாவிடம் போனாள். அவர் மூன்றையும் சொல்லுக்குச் சொல் வாசித்தார். நான் வாசித்ததேதான். குளிர் அதிகம், வேலை கிடைத்துவிட்டது, தாய்க்கு இருமல், பிள்ளையைப் பார்த்துக்கொள், பேப்பர் வந்ததும் எழுது. அக்கா கேட்டுவிட்டுத் திரும்பினாள். இரண்டு நாள் கழித்து பள்ளிக்கூட மாஸ்டரிடம் போனாள். பிறகு தலவாக்கலைக் கடைவீதியில் எங்களை யாரென்றே தெரியாத ஒரு கடைக்காரரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். எல்லோரும் ஒரே மாதிரித்தான் வாசித்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி வாசித்ததே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது.

"நீங்க எல்லாரும் ஒண்ணாச் சேந்துக்கிட்டீங்க" என்றாள் என்னிடம். "கடைக்காரன் மூஞ்சியிலயே தெரிஞ்சுது. பாவம் பாக்குறான்."

பொய்யை நான் நாற்பது பேருக்கு முன்னால் சுலபமாகச் சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள். இப்போது கையில் உண்மை இருக்கிறது, எழுத்தில் இருக்கிறது, அதை அக்காவின் கண்ணுக்குள் கொண்டுபோக எனக்கு வழியில்லை.

ஒருநாள் மருந்தெடுக்கப் போனபோது டிஸ்பென்சர் ஐயா மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளை, எனக்கும் கொஞ்சம் சிங்கள எழுத்துத் தெரியும். அண்டைக்கு நீர் மாத்திச் சொன்னது எனக்கு விளங்கினது."

"அப்ப ஏன் ஐயா ஒண்ணும் சொல்லல?"

"என்னத்தைச் சொல்லுறது. நான் என்ர மனுசிக்கு எழுதேக்குள்ளயும் இஞ்ச ஒரு பிரச்சினையும் இல்லை எண்டுதானே எழுதுறனான்."

மருந்துப் போத்தலைத் துடைத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஞாயிறுகளில் அவர் வீட்டுக்கு நாங்கள் மூவரும் பிறகு போகவில்லை.

அக்கா என்னோடு பேசாமல் இருக்கவில்லை. அதுதான் கொடுமை. சோறு போட்டாள், தலை வாரிவிட்டாள், காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் இருந்தாள். ஆனால் எழுத்து என்று ஒன்று வந்தால் என் கைக்கு வராது. தோட்டத்துக் கந்தோரிலிருந்து துண்டு வந்தாலும், கோயிலில் நோட்டீஸ் கொடுத்தாலும், மடித்து மகளிடம் கொடுத்தாள். மகள் அப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தாள். சின்னப் பிள்ளைக்கு மாற்றிச் சொல்லத் தெரியாது என்பது அவள் நம்பிக்கை.

மச்சானின் நான்காவது கடிதம் அதற்கடுத்த வருடம்தான் வந்தது. உயிரோடுதான் இருந்தார். நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். பிள்ளை எழுத்துக்கூட்டி அதை வாசித்து முடிக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. அக்கா வாயில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். அதே சொற்கள்தான் வருகின்றனவா என்று பார்த்தாள். அதன்பிறகு வந்த எல்லாக் கடிதத்துக்கும் அதுதான் வழக்கம். நான் அடுப்படியில் நின்றுகொண்டு கேட்பேன். பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கினால் எனக்கு வாய் வரும், அடக்கிக்கொள்வேன்.

கப்பல் விடவே இல்லை. எண்பதுகள் முடியும்போது ஒரு சட்டம் வந்து, மிச்சமிருந்த எங்கள் எல்லோருக்கும் இந்த நாட்டுப் பிரஜாவுரிமை தந்தார்கள். சனங்களுக்குச் சந்தோஷம். அக்காவுக்கும் பிள்ளைக்கும் அந்தக் கடதாசி கிடைத்தது. அப்படியென்றால் இனி இந்தியாவுக்குப் போக அவள் எந்த வரிசையிலும் இல்லை. அதை அவளுக்கு யாரும் வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைக்குப் பத்து வயதானபோது ஒரு கடிதம் வந்தது. அக்கா மலையில் இருந்தாள். பிள்ளை அதைப் பிரித்து, தனியாக வாசித்துவிட்டு, பிள்ளைக்காம்பராவுக்கு என்னிடம் ஓடிவந்தாள். தொட்டிலில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"சித்தி, இத நீங்க வாசிங்க."

"நான் வாசிக்கக் கூடாதும்மா. ஒங்கம்மாவுக்குப் பிடிக்காது."

"இந்த ஒரு எடம் மட்டும்."

விரலை வைத்துக் காட்டினாள். தனியாக எத்தனை காலம் இருப்பது, அங்கே ஒரு துணை தேடிக்கொண்டேன், மன்னித்துவிடு என்று எழுதியிருந்தது.

"அம்மாகிட்ட இத வாசிக்கவா, விட்டுட்டு வாசிக்கவா?"

பத்து வயதுப் பிள்ளை. அவள் கண்ணில் தண்ணீர் இல்லை, பயம் மட்டும்தான். என் நெஞ்சு முழுக்க, விட்டுவிடு, விட்டுவிடு என்றுதான் சொன்னது. இரண்டாம் தடவை வாசிக்கும்போதும் மறக்காமல் அதே இடத்தை விட்டுவிட்டால் போதும் என்றுகூட மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

"வாசி" என்றேன். "இருக்கிறத வாசி."

அன்று பின்னேரம் அவள் வாசித்தாள். அந்த இடம் வந்தபோது குரல் கொஞ்சம் தாழ்ந்தது, நிற்கவில்லை. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும், "சரி, வை" என்றாள். எழுந்து கூடையை எடுத்து ஆணியில் மாட்டினாள். அழவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி வாசி என்று கேட்கவும் இல்லை.

ஒரு வாரத்துக்குப் பிறகு மகளை உட்கார வைத்துப் பதில் எழுதச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். நான் வெளியே வாசலில் இருந்தேன். மழை தகரத்தில் விழுந்த சத்தத்தில் அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. நீண்ட கடிதம் இல்லை. மகள் ஒட்டி, விலாசம் எழுதி, அக்காவிடம் கொடுத்தாள். அக்கா அதை என்னிடம் நீட்டினாள்.

"நாளைக்கி தலவாக்கலைக்குப் போறேன்னியே. போஸ்ட் பண்ணிரு."

அடுத்த நாள் மழையோடு போய், சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டுபோய், தபால்கந்தோரில் போட்டேன். பிறகு பிள்ளைக்காம்பராவுக்குத் தேவையான பால்மாவை வாங்கிக்கொண்டு லிந்துலை பஸ்ஸுக்காக நின்றேன்.